பஸ்ரியாம்பிள்ளைக்கு அடித்த மணி

சோளகக் காற்று ஊர்காவற்றுறைக் கரை முழுவதும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்த மாக்கிறேற், தன் புருசன் செத்துப்போனதைக் கைபேசியில் பார்த்தாள்.

முதலில் அழைப்பு வந்தது. கனடாவிலிருந்து தமையன் மகள் றெஜினா. எடுத்ததும் எடுக்காததுமாக அழத் தொடங்கிவிட்டாள்.

"மாமி, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. மாமான்ர முகத்தை ஆரோ அனுப்பின வீடியோவிலதானே பாத்தனான்."

"எந்த மாமா?"

"பஸ்ரி மாமாதான். பெட்டிக்குள்ள கிடக்கிறார்."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. அவர் கண்ணில படலம் வெட்ட எல்லோ கொழும்புக்குப் போனவர்."

றெஜினா பேச்சை விட்டு வீடியோவை அனுப்பிவைத்தாள். மாக்கிறேற் மீன் செதிள் ஒட்டிய விரலால் அதைத் தொட்டாள். திறக்கவில்லை. மகள் ஜெனீற்றா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து திறந்து கொடுத்தாள்.

அரை நிமிடம்கூட இல்லை. ஒரு பெட்டி. பெட்டிக்குள் பஸ்ரியாம்பிள்ளை. மூக்கு, வாய், இடது புருவத்தின் மேலிருக்கும் பழைய வெட்டுக்காயம் எல்லாம் அவருடையதுதான். வெள்ளை வேட்டி கட்டி, மாலை போட்டு, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார்கள். சேலை கட்டிய ஒரு பெண் அவருடைய நெஞ்சில் விழுந்து, "என்னை விட்டுட்டுப் போட்டியளே என்ர ராசா, இனி நான் ஆருக்குச் சோறு போடுவன்" என்று அழுதுகொண்டிருந்தாள். கீழே, பழம்பெரும் நடிகருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது.

இதை நம்பினார்களா என்று வெளியூர்க்காரர் சிரிக்கலாம். தீவுப்பகுதியில் இப்போது ஒரு சாவு முதலில் நடப்பது கைபேசியில்தான். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிறார்கள், பெட்டி மூடுமுன் அவர்கள் முகம் பார்க்கவேண்டும். செத்தவீட்டில் பங்குச் சுவாமியாருக்கு அடுத்த மரியாதை வீடியோக்காரனுக்குத்தான். அவன் வரும்வரை பிரேதம் காத்திருக்கும். ஆகவே பெட்டிக்குள் ஒரு மனிதரை வீடியோவில் பார்த்தால் அவர் செத்துவிட்டார் என்பதில் இந்தக் கரையில் யாருக்கும் சந்தேகம் வராது. மாக்கிறேற்றுக்கும் வரவில்லை.

பஸ்ரியாம்பிள்ளையின் கைபேசிக்கு அழைப்புப் போகவில்லை. அவர் முன்பு வேலைசெய்த தொலைக்காட்சி நிலையத்துக்கு எடுத்தால், அன்றைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஜெனீற்றாவின் புருசன் ஜெகதீஸ் வலையை அப்படியே போட்டுவிட்டுக் மாதா கோயில் மூப்பரிடம் ஓடினான். சற்று நேரத்தில் கோயிலில் சாவு மணி அடித்தது. மணி கேட்டதும், கடலுக்குப் போக எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு ஏறினார்கள். ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை அந்தக் கரையில் வள்ளம் இறங்காது. அரைவாசி கீறியபடி கிடந்த மீனைப் பூனைகள் பார்த்துக்கொண்டன.

பஸ்ரியாம்பிள்ளை சாகாத ஆளில்லை. ஒரு காலத்தில் வருசத்துக்கு நாலைந்து தடவை செத்தவர் அவர். இளவயதில் கருவாட்டுச் சிப்பத்தோடு கொழும்புக்குப் போய், அங்கே ஒரு படப்பிடிப்பு ஸ்ரூடியோவில் விளக்குத் தூக்குகிற வேலையில் சேர்ந்தார். ஒருநாள் மாடிப்படியில் உருண்டு விழவேண்டிய ஆள் வரவில்லை. பஸ்ரியாம்பிள்ளை உருண்டு விழுந்தார். புருவக் காயம் அன்றைக்கு வந்தது, சம்பள வேலையும் அன்றைக்கே வந்தது. சிங்களப் படங்களிலும் எப்போதாவது எடுத்த தமிழ்ப் படங்களிலும் சண்டியனாக, கள்ளக்கடத்தல்காரனாக, கெட்ட முதலாளியாக வந்து கடைசிக் காட்சியில் வெடிபட்டோ வெட்டுப்பட்டோ விழுந்தார். கலியாணம் முடித்த புதிதில் மாக்கிறேற் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அவர் சாவதைப் பார்த்து வீரிட்டுக் கத்த, பக்கத்துக் கதிரையில் இருந்த அவரே அவள் வாயைப் பொத்தவேண்டியிருந்தது.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஒரு மேக்கப் பெட்டியோடு மட்டும் கப்பலில் ஊருக்கு வந்து இறங்கினார். ஸ்ரூடியோ வாழ்க்கை அத்தோடு சரி. பிறகு சண்டை, இடம்பெயர்வு, அகதி முகாம், ஊர் திரும்பல். தொண்ணூறுகளின் முடிவில் பழைய கூட்டாளி ஒருவர் கூப்பிட, திரும்பக் கொழும்புக்குப் போய் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்கத் தொடங்கினார். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, எந்தப் படத்தில் எந்தக் கதாநாயகன் தனக்கு உண்மையாகவே அடித்தான் என்று கதை சொல்வார். கதை முடிய ஒடியல் கூழும் முடியும். படத்தில் அவரைக் கண்டு பயந்த சனம் தொலைக்காட்சியில் அவரைக் கண்டு காதலித்தது. யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் ஏறினால் பெண்கள் எழும்பி இடம் விட்டு, கூழுக்குப் பயிற்றங்காய் எப்போது போடுவது என்று கேட்பார்கள்.

மாக்கிறேற் மட்டும் கொழும்புக்குப் போகவில்லை. அந்தத் தண்ணீர் பிடிக்காது, அந்தப் பாசை தெரியாது, கடல் சத்தம் இல்லாமல் நித்திரை வராது. அவர் பெருநாளுக்கு வருவார், மாரிக்கு வருவார், போவார். ஐந்து வருசத்துக்கு முன் படப்பிடிப்புக் குசினியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோதுதான் முழுதாக வீடு வந்தார். இனி நடிப்பதில்லை, சமைப்பதுமில்லை என்று அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் அவரை நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

போன வியாழக்கிழமை கண் படலம் வெட்டக் கொழும்புக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டார்.

"ஏன், யாழ்ப்பாணத்தில கண் டொக்டர்மார் இல்லையோ?" என்றாள் மாக்கிறேற்.

"எனக்குத் தெரிஞ்ச டொக்டர் அங்கைதான் இருக்கிறார்."

"உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அங்கைதானே. போறதெண்டா அங்கையே இருங்கோ. இஞ்ச வரத்தேவையில்லை."

வராமல் போய்விட்டார். அந்தச் சொல் காலையிலிருந்து மீன் முள்ளாக அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

முற்றத்தில் தறப்பாள் கட்டிப் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டாயிற்று. காற்று தறப்பாளைத் தூக்கித் தூக்கி அடித்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அயல்வீடுகளிலிருந்து வெறுந்தேத்தண்ணீர் வந்தபடி இருந்தது. வந்தவர்கள் எல்லோருடைய கையிலும் அந்த வீடியோ இருந்தது. எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான்.

"வேதக்கார மனிசனுக்கு ஆர் திருநீறு பூசினது?" என்று மூப்பர் கேட்டார். "கழுத்தில செபமாலையைக் காணேல்லை. ஒரு சிலுவைகூட இல்லை."

"பிரேதம் வைக்கிற மலர்ச்சாலைக்காரர் ஆள் மாறிப் பூசியிருப்பாங்கள்," என்றான் ஜெகதீஸ். "தமிழர் எண்டா எல்லாரும் சைவம் எண்டு நினைச்சிருப்பாங்கள்."

அந்த நேரம் பார்த்து நாரந்தனையிலிருந்து பாலசிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். புகையிலைத் தோட்டக்காரர், சைவக்காரர், பஸ்ரியாம்பிள்ளையின் படம் ஒன்றையும் விடாமல் பார்த்தவர். அவருடைய நெற்றியிலும் மூன்று குறி திருநீறு இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பாவம், மனிதர் தோளிலிருந்த துவாயை எடுத்து வியர்வை துடைப்பதுபோல் மெதுவாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாலசிங்கம் அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ," என்றான் ஜெகதீஸ். "உங்கட ஆக்கள் எண்டா எவ்வளவு நேரம் வைச்சிருப்பினம்?"

"அது... சொந்தக்காரர் வர இல்லையெண்டா வைச்சிருக்கமாட்டினம். பின்னேரத்துக்குள்ள எரிச்சுப்போடுவினம்."

சேமக்காலையில் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் பஸ்ரியாம்பிள்ளை தனக்கென்று ஒரு துண்டு இடம் எடுத்து, சுற்றிவரக் கல்லும் கட்டிவைத்திருந்தார். அந்த மனிதரை முன்பின் தெரியாதவர்கள் கொழும்பில் வைத்து எரிக்கப் போகிறார்கள். பாலசிங்கத்துக்கு, தானே கொள்ளி வைத்துவிட்டதுபோல் இருந்தது.

"நான் சொன்னனெண்டு வையாதேங்கோ," என்றார். "வேணுமெண்டா நானும் வாறன். அவையோட நான் கதைக்கிறன்."

"வாடகை வானுக்குச் சொல்லியாச்சு," என்றான் ஜெகதீஸ். "ஆனா எங்கை எண்டு போறது? கொழும்பெண்டா சின்ன இடமோ?"

உள்ளே மாக்கிறேற் பெண்களுக்கு நடுவில் பாயில் இருந்தாள். அழவில்லை. அதிர்ச்சியில் ஆள் இறுகிப்போனாள், அழவைக்காவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும் என்று ஆளுக்காள் சொன்னார்கள்.

"அம்மா, வாய்விட்டு ஒருக்கா அழுங்கோ," என்று ஜெனீற்றா அவளுடைய முதுகைத் தடவினாள்.

"அந்த வீடியோவைப் போடு."

"காணும் அம்மா. எத்தினை தரம் பாப்பியள்."

"போடு எண்டன்."

மாக்கிறேற் திருநீற்றைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். வாளிப்பான உடம்பு. காதில் தோடு, கழுத்தில் தாலிக்கொடி. என்ர ராசா என்கிறாள். இனி ஆருக்குச் சோறு போடுவன் என்கிறாள். அப்படியென்றால் இதுவரைக்கும் போட்டிருக்கிறாள். கண் டொக்டர் கொழும்பில் இருக்கிறாராம். தெரிந்த டொக்டராம்.

எவ்வளவு வருசம் என்று மனதுக்குள் எண்ணப் பார்த்தாள். ஸ்ரூடியோ காலத்திலேயே தொடங்கியதா, தொலைக்காட்சிக் காலத்திலா? ஸ்ரூடியோ காலமென்றால் இவள் அப்போது சின்னப்பிள்ளை. ஆகத் தொலைக்காட்சிதான். பிறகு மாக்கிறேற்றுக்கே ஒரு நியாயம் பட்டது. இன்னொருத்தி சமைத்துப் போட்டிருந்தால் இந்த மனிசன் ஏன் சமைக்கப் பழகினவர்? தனி அறையில் இருந்து, கடைச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், ரெலிபோனில் தன்னிடம் கேட்டுக் கேட்டல்லவா கறி வைக்கப் பழகினார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிடமே, பழகியது அந்தப் பொம்பிளைக்குச் சமைத்துக் கொடுக்கத்தானோ என்று நினைத்தாள். அந்த ஆறுதலும் போயிற்று. தான் சொல்லிக்கொடுத்த மீன் குழம்பை அவள் தின்றிருக்கிறாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

"ஆர் அம்மா அந்தப் பொம்பிளை?" என்று ஜெனீற்றா மெல்லக் கேட்டாள். அவளும் காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கென்ன தெரியும். போற இடத்தில கேளுங்கோ." கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவளோட சண்டை பிடிக்கவேண்டாம் எண்டு ஜெகதீஸிட்டச் சொல்லு," என்றாள். "ஆளைத் தந்தாக் காணும். அவர் இஞ்சதான் கிடக்கவேணும்."

எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்படிப் போனவராக இருந்தாலும் அந்த வேட்டியைக் கழற்றி, கோட்டுச் சூட்டுப் போட்டு, செபமாலை சுற்றி அவரை வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். அலுமாரியைத் திறந்து கலியாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்தாள். பூச்சிக்கு வைத்த உருண்டை மணந்தது. வானில் போகிறவர்களிடம் கொடுத்துவிட அதை மடிக்கத் தொடங்கினாள்.

பின்னேரம் யாழ்ப்பாணத்து பஸ் சந்தியில் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முதியவர், கையை முன்னால் நீட்டித் தடவித் தடவி இறங்கினார். கண்டக்டர் பொடியன் இரக்கப்பட்டுப் பையைத் தூக்கிக் கொடுத்தான். மற்றக் கையில் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல் ஒன்றை எல்லோருக்கும் தெரிகிறமாதிரிப் பிடித்திருந்தார். பஸ்ரியாம்பிள்ளை எதையும் குறைவைக்கிற ஆளல்ல. கண் வெட்டியதாகப் பொய் சொன்னால் அதையும் ஒழுங்காக நடிப்பார்.

சந்தியில் நின்ற இரண்டு பேர் அவரைக் கண்டதும் ஒழுங்கைக்குள் பாய்ந்து மறைந்தார்கள். அவர் கவனிக்கவில்லை. தடவிக்கொண்டே தன் ஒழுங்கைக்குள் திரும்பினார். அப்போதுதான் கறுப்புக் கண்ணாடிக்கு மேலால் தன் வீட்டைப் பார்த்தார். தறப்பாள். கதிரைகள். கரையில் வள்ளமெல்லாம் கடலில் இறங்காமல் நிற்கிறது. மூப்பர் வாசலில் நிற்கிறார்.

அவர் போகும்போது வீட்டில் இருந்தது மூன்று பேர். அதில் பிறசர் வருத்தம் உள்ளவள் மாக்கிறேற் ஒருத்திதான்.

கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். பை ஒருபக்கம், போத்தல் ஒருபக்கம். எலும்பு உடைந்த இடுப்போடு எண்பது கடந்த மனிதர் ஓடினார். முற்றத்தில் இருந்தவர்கள் கதிரையோடு பின்னால் சரிந்தார்கள். பாலசிங்கம் சிவபெருமானைக் கூப்பிட்டார். ஜெகதீஸ் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. ஒருவரும் தன்னோடு பேசாதது பஸ்ரியாம்பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வாசற்படிக்கு எட்டமுதலே மணலில் இருந்துவிட்டார்.

"மாக்கிறேற்," என்றார். "என்னைப் பாராமல் போட்டீரோ. பொய் சொல்லிப்போட்டுப் போனனே, நான் பொய் சொல்லிப்போட்டெல்லோ போனனான்."

அறைக்குள் மாக்கிறேற்றின் கையிலிருந்த கோட்டு அப்படியே நின்றது.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா. படத்தில் அவர் அழுவதையும் அவளுக்குத் தெரியும். மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து, முகத்தை மூடித் தோளைக் குலுக்குவார், கண்ணீருக்கு மருந்து விடுவார். பஸ்ரிக்குச் சாகத்தான் தெரியும், அழத் தெரியாது என்று ஸ்ரூடியோவில் எல்லோரும் பகிடி பண்ணுவார்களாம். இது அப்படி இல்லை. கரகரத்து, இடையில் மூச்சு அறுந்து, கன்றைப் பறிகொடுத்த மாடு கத்துவதுபோல் அசிங்கமாக இருந்தது. அவர் இப்படி அழுது அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

உயிரோடு இருக்கிறார். அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத கண்ணீர் மளமளவென்று வந்தது. உடனே ஓடிப்போயிருக்கலாம். அவள் ஓடவில்லை. கோட்டை உதறினாள், கொழுவியில் போட்டாள், பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள், அலுமாரியைச் சாத்தினாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"என்ன சத்தம்?" என்றாள் வாசலில் நின்று. "எழும்புங்கோ. சனம் பாக்குது."

பஸ்ரியாம்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். செத்தவர் எழும்பி வந்ததைக் கண்ட ஊர் திகைத்ததைவிட அவர் அதிகமாகத் திகைத்தார்.

"அப்ப... ஆர் செத்தது?"

"நீங்கள்தான்," என்றாள் மாக்கிறேற்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. தொலைக்காட்சியில் புதிதாக எடுக்கிற தொடர்நாடகம். வீட்டுப் பெரியவர் முதல் நாளே செத்துப்போகிறார், சொத்துச் சண்டை தொடங்குகிறது. படுத்துக் கிடக்கிற வேடம்தானே, சத்தியத்துக்குள் வராது என்று அவராகவே நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். கைபேசி சார்ஜ் இறங்கிப் பைக்குள் கிடந்தது. படம் பிடித்த இடத்தில் யாரோ களவாக எடுத்துப் போட்டதுதான் அந்த வீடியோ; கண்ணீர் அஞ்சலி என்பது அதை நம்பிய வேறு யாரோ சேர்த்தது.

தறப்பாளுக்குக் கீழே ஒருவர் சிரிக்கத் தொடங்க, சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. ஜெனீற்றா தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குலுங்கினாள். அடித்த மணியை இனி என்ன செய்வது என்று மூப்பருக்கு யோசனை. ஒருநாள் தொழில் போச்சு என்று முணுமுணுத்தவர்களும் வந்து கையைப் பிடித்துவிட்டுத்தான் போனார்கள். பாலசிங்கம் கடைசிவரை நின்று அவருடைய புயத்தை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறும்போது சட்டைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்துத் தாராளமாகப் பூசிக்கொண்டு நாரந்தனைக்குப் போனார்.

பொழுது படமுதல் மாக்கிறேற் அடுப்பு மூட்டினாள். பருப்பு அவிந்தது, புட்டுப்பானையில் ஆவி வந்தது. குளித்துவிட்டு வந்த பஸ்ரியாம்பிள்ளை குசினி வாசலில் பலகையைப் போட்டு அமர்ந்து சட்டிகளை எட்டிப் பார்த்தார்.

"மீன் இல்லையோ?"

"நீங்கள் செத்தபடியா ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை. இருந்த மீனையும் பூனை திண்டிட்டுது."

அவர் புட்டைப் பிசைந்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"வீடியோவை வடிவாப் பாத்தனீரோ? நான் மூச்சு விட்டது தெரியேல்லையோ? வயிறு ஏறி இறங்குது எண்டு அந்த டைரக்டர் பொடியன் திருப்பித் திருப்பி எடுத்தவன்."

"நான் உங்களைப் பாக்கேல்லை."

"பின்னை?"

மாக்கிறேற் பருப்பு அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "அவளைத்தான் பாத்தனான். நல்லாத்தான் அழுதவள்."

பஸ்ரியாம்பிள்ளைக்கு விளங்க ஒரு வாய் புட்டுத் தின்கிற நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது, அவளுடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை மட்டக்களப்பில ரீச்சர். புருசனும் வந்து பக்கத்தில நிண்டவர். என்ன மாதிரி அழுகை. மருந்து ஒண்டும் விடேல்லை. நான் இத்தினை வருசம் நடிச்சும் அப்பிடி ஒருக்கா அழ ஏலாமப் போச்சு."

"ஏன், முற்றத்தில நல்லாத்தானே அழுதனீங்கள்."

அவர் புட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கேட்டனீரோ?"

"ஓம்," என்றாள் மாக்கிறேற், இன்னும் ஒரு அகப்பை பருப்பை அவருடைய புட்டில் விட்டபடி. "அதைக் கேட்டுக்கொண்டு நிண்டதிலதான் வெளியில வரச் சுணங்கினது."